காதல் கூடிப்போன தொலைக்காட்சித் தொடர் அங்கத்தைப் பற்றி எழுதுவது எப்படி

பிடித்தது, பிடிக்கவும் இல்லை. இந்த மனநிலையில் விமர்சனம் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். அரைப்பக்கம் புகழ்ச்சி, அரைப்பக்கம் குறை, கடைசி வரியில் "மொத்தத்தில் பரவாயில்லை". க.பொ.த. உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவள் நான். என் சிவப்பு மையில் பாதி இந்தப் "பரவாயில்லை"யை வெட்டுவதிலேயே தீர்ந்துபோகிறது.

சுப்பர் ஹீரோ தொடர்களைப் பற்றி எழுதும்போது இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். வாரம் தவறாமல் ஓடியும் பறந்தும் ஊரைக் காப்பாற்றுகிற நாயகன், ஒரு வாரம் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டுக் காதலியின் முன்னால் தடுமாறிக்கொண்டு நிற்பான். பார்க்கிற நமக்கு நெஞ்சும் இளகும், எரிச்சலும் வரும். இரண்டையும் கலந்து வெதுவெதுப்பாக்கிவிடாமல், இரண்டையும் சூடு குறையாமல் தாளில் இறக்குவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

உதாரணத்துக்கு ஓர் அங்கத்தை வைத்துக்கொள்வோம். 'த ஃபிளாஷ்' தொடரின் மூன்றாம் பருவம், 17ஆவது அங்கம். பெயர் 'டூயட்'. 2017 மார்ச் 21 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பானது. மின்னல் வேகத்தில் ஓடுகிற பரி அலனும், பக்கத்துத் தொடரிலிருந்து வருகிற சுப்பர்கேர்ளான காராவும், மியூசிக் மைஸ்டர் என்பவனின் மாயத்தில் சிக்கி ஒரு கனவு உலகத்துக்குள் விழுகிறார்கள். அங்கே எல்லோரும் பாடுகிறார்கள். இரண்டு ரவுடிக் குடும்பங்கள், பகை, அந்தப் பகைக்கு நடுவே காதலிக்கிற பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்குப் பரியின் காதலி ஐரிஸின் முகமும் காராவின் காதலன் மோன்-எல்லின் முகமும். வெளியே, நிஜ உலகத்திலோ, பரிக்கும் ஐரிஸுக்கும் இடையில் நிச்சயித்த திருமணம் குழம்பிக் கிடக்கிறது. தான் ஓர் இளவரசன் என்பதை மறைத்துப் பொய் சொன்ன மோன்-எல்லைக் காரா விலக்கிவைத்திருக்கிறாள். மூன்றாம் பருவத்தின் பெரிய வில்லன் சவிதாரின் கதை அந்த வாரம் வாசலுக்கு வெளியே நிற்கிறது.

கூச்சத்தை முதலில் கழித்துவிடுங்கள்

எங்கள் வீடுகளில் தொலைக்காட்சி நடு மண்டபத்தில்தான் இருக்கிறது. சாய்மனைக் கதிரையில் அம்மா இருப்பார். தேங்காய் திருவலை இரவல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை கதவடியில் நிற்கும். திரையில் இருவர் முகம் நெருங்கியதும் ஒருவருக்குத் தண்ணீர் விடாய்க்கும், இன்னொருவருக்கு யன்னல் சாத்தாதது நினைவு வரும், என் பெறாமகன் கைத்தொலைபேசியில் கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கை பார்க்கத் தொடங்குவான். ஆட்டமே நடக்காத நாளிலும் பார்ப்பான்.

அந்தக் கூச்சம் அங்கத்தின் குறை அல்ல. ஆனால் விமர்சனம் எழுதும்போது அது வேடம் மாற்றிக்கொண்டு வந்துவிடும். "தேவையற்ற காட்சிகள்", "கதை ஓட்டத்துக்குத் தடை" என்றெல்லாம் எழுதச் சொல்லும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எழுதித் தருகிற விமர்சனங்களில் "தேவையற்ற" என்ற சொல்லைக் கண்டால், எழுதியவர் பார்த்த நேரத்தில் அறையில் யார் யார் இருந்தார்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

செய்ய வேண்டியது இலகு. அடுத்த நாள், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, தனியே இன்னொரு முறை பாருங்கள். விளம்பரம் இல்லாமல் ஒரு மணித்தியாலம்கூட வராது. கூச்சம் போன பிறகும் எரிச்சல் நிற்கிறதா? நின்றால் அது எழுதத் தகுந்த எரிச்சல்.

இரண்டாம் முறை பார்க்கும்போது ஒரு கொப்பியை மடியில் வைத்திருங்கள். கருத்து எழுத வேண்டாம், நிமிடத்தை மட்டும் எழுதுங்கள். எந்த இடத்தில் கை தானாகக் கைத்தொலைபேசிக்குப் போனது, எந்த இடத்தில் கதிரையின் நுனிக்கு வந்தீர்கள், அவ்வளவுதான். உடம்புக்கு நாகரிகம் பார்க்கத் தெரியாது. பரியும் காராவும் பியானோவுக்கு அருகே நட்பைப் பற்றிப் பாடி ஆடுகிற இடத்தில் நான் நுனிக்கு வந்தேன். அது காதல் பாட்டே அல்ல, இரண்டு தோழர்களின் கேலிப் பாட்டு. காதல் மிகுந்த அங்கத்தில் என் மனத்துக்கு நெருக்கமான இடம் காதல் இல்லாத இடம் என்பது அந்தக் கொப்பி இல்லாவிட்டால் எனக்குப் பிடிபட்டிருக்காது.

எதன்மேல் கோபம்?

"காதல் கூடிவிட்டது" என்பது முறைப்பாடு அல்ல, முறைப்பாட்டின் தலைப்பு. அதற்குள்ளே நாலைந்து வேறு வேறு கோபங்கள் ஒளிந்திருக்கும். அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும்.

'டூயட்'டைப் பொறுத்தவரை முதலில் பாட்டை வெளியே எடுத்துவையுங்கள். "பேச வேண்டிய இடத்தில் ஏன் பாடுகிறார்கள்" என்று கேட்பது காதலைப் பற்றிய கேள்வி அல்ல. அதுவும் எங்களுக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்து மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக நின்று பாடியபோது, சுடலையில் நிற்கிறவனுக்குப் பாட்டு எதற்கு என்று யாரும் எழும்பிப் போகவில்லை. விடியும்வரை இருந்து அழுதார்கள். இசை நாடகத்தில் துயரம் தாங்க முடியாத உயரத்துக்குப் போனால் பேச்சு நின்று பாட்டு பிறக்கும். ஆகவே பாட்டைப் பற்றி எழுதினால் "அந்த உயரம் வந்த பிறகு பாடினார்களா, அதற்கு முன்பே பாடிவிட்டார்களா" என்று எழுதுங்கள். இந்த அங்கத்தில் பரியாக வருகிற கிராண்ட் கஸ்டின், காராவாக வருகிற மெலிசா பெனோயிஸ்ட், மாயக்காரனாக வருகிற டரன் கிரிஸ் மூவரும் முன்பு 'கிளீ' என்ற பாட்டுத் தொடரில் நடித்தவர்கள். குரலில் குறை சொல்ல இடமில்லை.

அடுத்து, இடம். காதலுக்காக எதைத் தள்ளிவைத்தார்கள்? வேகக்காரர்களுக்கு வேகம் தருகிற 'வேக விசை'யின் சிறையிலிருந்து முந்திய அங்கத்தில் மீண்டு வந்த ஐரிஸின் தம்பி வாலி இன்னும் நடுக்கம் தெளியாமல் இருக்கிறான். அவனுக்குக் கிடைத்தது சிறு துண்டுதான். எனக்கு அங்கே மனக்குறை உண்டு. இப்படிக் குறிப்பாக எழுதினால் வாசிக்கிறவருக்கு அது பயன்படும். "சண்டை குறைவு" என்று எழுதினால் பயன் இல்லை.

பிறகு, காதல் பிற்பாடு ஒட்டப்பட்டதா என்ற கோபம். இதை எழுதுமுன் கொஞ்சம் தேடிப் பாருங்கள். பரி அலன் முதன்முதல் சித்திரக்கதையில் தோன்றியது 1956இல். அதே இதழிலேயே ஐரிஸ் வெஸ்டும் வந்துவிட்டாள். 1966இல் இருவருக்கும் சித்திரக்கதையிலேயே திருமணமும் முடிந்துவிட்டது. தொலைக்காட்சிக்காரர் பெண் பார்வையாளரை இழுக்கக் காதலைச் செருகினார்கள் என்று யாராவது எழுதினால், அந்தச் செருகல் அறுபது வருடப் பழமை என்று நீங்கள் பதில் சொல்லலாம்.

வேல் உதவாத இடம்

இதுதான் நான் அதிக நேரம் செலவழிக்கிற படி. வீரக் கதைக்குள் காதல் வரும்போது அது அந்தக் கதைக்கு உரியதா, இரவல் வாங்கியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் என்றார் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை. கோயிலில் ஒருவர் செய்யுளை வாசிக்க, இன்னொருவர் பயன் சொல்ல, அந்தப் புராணத்தைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. 10,000க்கு மேற்பட்ட செய்யுள்கள், பாதிக்கு மேல் போரும் போருக்கான ஆயத்தமும். ஆனால் அது எங்கே முடிகிறது? வள்ளியம்மை திருமணத்தில். கந்தசஷ்டியில் சூரனைத் தோளில் தூக்கி ஆட்டி, தலை மாற்றித் தலை மாற்றிப் போர் முடித்து, மறுநாள் திருக்கல்யாணம் வைப்போம். "நேற்றைய சண்டை எங்கே, இன்று ஏன் மாலையும் தாலியும்" என்று எந்தக் கோயில் வீதியிலும் ஒருவரும் கேட்டதில்லை.

தெய்வயானை திருமணம் போரிலிருந்து நேராக வருகிறது. தேவர்களை மீட்டவனுக்கு இந்திரன் மகளைக் கொடுக்கிறான். வள்ளியின் கதை அப்படி அல்ல. மலையைப் பிளந்த வேல் கையில் இருக்கிறது, தினைப்புனத்துப் பெண்ணின் மனத்தைத் திறக்க அது உதவாது. வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாகத் தேனும் தினைமாவும் கேட்கிறான். போர்க்களத்தில் சூரனை வென்றவனுக்கு இங்கே அண்ணனின் உதவி வேண்டியிருக்கிறது. வல்லமை உதவாமல் போகிற அந்த இடத்தில்தான் காதல் வீரக் கதைக்குச் சொந்தமாகிறது. நாயகனைப் பற்றி எந்தப் போரும் சொல்லாத ஒன்றை அது சொல்கிறது.

(அண்ணன் யானையாக வந்து பயமுறுத்த, அந்தப் பயத்தில் வள்ளி கிழவனைக் கட்டிக்கொள்கிற இடம் எனக்கு இன்றைக்கும் இருமனம்தான். வகுப்பில் ஒரு மாணவி, "பயத்தில் சொன்ன சம்மதம் சம்மதமா, ரீச்சர்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. பக்திக்குள்ளேயே இருமனத்துக்கு இடம் இருக்கும்போது தொலைக்காட்சித் தொடருக்கு இல்லாமல் போகுமா?)

ஆகவே எந்த அங்கமானாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: நாயகனின் வல்லமை இந்தக் காதலில் உதவாமல் போகிறதா? 'டூயட்' இதில் தேறுகிறது. கனவு உலகத்தில் பரிக்கு வேகம் இல்லை, காராவுக்குப் பலம் இல்லை. அதைவிட முக்கியம், நிச்சயம் குழம்பியதற்கே காரணம் அவனுடைய வல்லமைதான். எதிர்காலத்துக்கு ஓடிப்போய் ஐரிஸ் கொல்லப்படுவதைக் கண்டவன், அப்போது அவள் விரலில் மோதிரம் இல்லை என்பதால், மோதிரம் போட்டால் விதி மாறும் என்று கணக்குப் போட்டுத் திருமணம் கேட்டான். அது தெரிந்ததும் அவள் மோதிரத்தைக் கழற்றிவிட்டாள். வேகத்தால் விளைந்த பிழையை வேகத்தால் திருத்த முடியாது. இதைவிடப் பொருத்தமான காதல் சிக்கலை ஒரு வேகக்காரனுக்கு எழுத முடியாது என்று நினைக்கிறேன்.

ஆனால் முடிவு? கனவில் பரியும் காராவும் சுடப்பட்டு விழ, வெளியிலிருந்து ஐரிஸும் மோன்-எல்லும் உள்ளே வந்து முத்தமிட, இருவரும் விழித்துக்கொள்கிறார்கள். பிறகு மாயக்காரன் வந்து, இதெல்லாம் உங்கள் நன்மைக்காக நான் வைத்த பாடம் என்கிறான். வில்லன் என்று நினைத்தவன் கடைசியில் இரண்டு வீட்டுக்கும் நடந்து பொருத்தம் சரிக்கட்டுகிற கலியாணப் புறோக்கராக மாறிவிடுகிறான். என் கை கைத்தொலைபேசிக்குப் போன நிமிடம் அதுதான். பரி தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதை இன்னொருவன் வாயால் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

எந்த அளவுகோல் என்று சொல்லிவிடுங்கள்

அம்மாவின் முறைப்பாடு வேறு. "இந்தப் பெடியனுக்குத் தாய் தகப்பன் இல்லையா, பிள்ளை?" என்றார். இல்லை என்றேன், கதையே அதுதான். 11 வயதில் தாய் கொல்லப்பட, ஜோ வெஸ்ட் அவனைத் தன் வீட்டில் வளர்த்தார். ஐரிஸ் அந்த ஜோவின் மகள். அதைக் கேட்டதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டு வளர்ந்தவர்களா? மச்சானும் மச்சாளும் என்றால் அம்மாவுக்கு ஒரு சங்கடமும் இல்லை, முறை இருக்கிறது. முறை இல்லாத இடத்தில் ஒரு கூரைக்குக் கீழ் வளர்ந்தால் அவர் கணக்கில் சகோதரங்கள்தான்.

இது முட்டாள்தனமான முறைப்பாடு அல்ல. இந்தத் தொடரை ஊன்றிப் பார்க்கிற வேறு நாட்டவரும் இதே இடத்தில் நெளிந்திருக்கிறார்கள். உங்களுக்கும் அந்த உறுத்தல் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், அது எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "எங்கள் உறவுமுறைக் கண்ணால் பார்க்கும்போது" என்று ஒரு வரி போட்டுவிட்டால் வாசகர் உங்கள் அளவுகோலைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொள்வார். அளவுகோலை மறைத்து அளவை மட்டும் சொல்கிற விமர்சனத்தைத்தான் நான் நம்புவதில்லை.

ஐரிஸின் பக்கத்தைப் பார்க்காமல் எழுதவே எழுதாதீர்கள். மூன்றாம் பருவத்தின் பெரும் பகுதியில் அவள் காப்பாற்றப்பட வேண்டிய ஒரு பொருளாக்கப்பட்டிருக்கிறாள். செய்தியாளர் என்பது பேச்சளவில். காதல் அங்கங்களைச் சோதிக்க ஒரு வழி: நாயகன் பெயர் வராத அவளுடைய வசனங்களை மட்டும் எழுதிப் பாருங்கள். பக்கம் வெறுமையாக இருந்தால் அங்கே காதல் இருவருடையது அல்ல. 'டூயட்'டில் அவளுக்கு வசனம் குறைவு. ஆனாலும் ஒரு தடவையாவது உள்ளே போய் மீட்டுக்கொண்டு வருகிறவள் அவள், மீட்கப்படுகிறவன் அவன். முத்தத்தால் விழிப்பது பழைய உத்திதான், விழிக்கிறவன் ஆணாக இருப்பது எனக்குப் பிடித்தது. அதே முத்தம் காராவுக்கும் மோன்-எல்லுக்கும் நடக்கும்போது பிடிக்கவில்லை. அங்கே ஒரு பொய் பேசித் தீராமலே கரைந்துவிட்டது. ஒரே நிமிடத்தில், ஒரே உத்தியில், ஒன்று பிடித்து மற்றொன்று பிடிக்காமல் போனால், உங்கள் விமர்சனத்தின் நடுமையம் அந்த நிமிடம்தான். மற்றதையெல்லாம் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

எழுத உட்காரும்போது

கதைச் சுருக்கம் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். 10க்கு இத்தனை என்ற புள்ளியும் வேண்டாம். இருமனத்துக்குப் புள்ளி போட்டால் அது ஐந்தில்தான் வந்து நிற்கும், ஐந்து என்பது சலிப்புக்கும் அதே புள்ளி. "ஓரளவு", "ஏதோ", "இருந்தாலும்" மூன்றையும் எழுதி முடித்த பிறகு தேடி வெட்டுங்கள். "இருந்தாலும்" போன இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள். இரண்டு உணர்வும் பக்கத்துப் பக்கத்து வாக்கியங்களில் நிற்கட்டும், ஒன்று மற்றதிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ஒரு மாணவர் எழுதித் தந்தது: "காதல் காட்சிகள் அதிகம். இருந்தாலும் பாடல்கள் இனிமை. மொத்தத்தில் பார்க்கலாம்." அதை அவரோடு இருந்து திருத்தியபோது இப்படி வந்தது:

"கனவிலிருந்து மீண்ட பரி வீட்டில் ஐரிஸுக்காக ஒரு பாட்டுப் பாடி மறுபடியும் திருமணம் கேட்கிறான். முதல் முறை கேட்டது விதிக்குப் பயந்து. இந்த முறை விதியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதனால் அந்தப் பாட்டு முழுவதையும் அசையாமல் கேட்டேன். ஆனால் இந்த மாற்றம் அவனுக்குள் எப்போது நடந்தது என்பதை நான் பார்க்கவில்லை. மியூசிக் மைஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"மொத்தத்தில்" போய்விட்டது. பாட்டு பிடித்ததும், அதற்கு வந்த வழி பிடிக்காததும் வாசகருக்கு விளங்கிவிட்டது. அந்தப் பாட்டை இயற்றிய பெஞ்ச் பாசெக், ஜஸ்டின் பால் இருவரின் பெயரையும் ஒரு வரியில் சேர்க்கச் சொன்னேன். பாட்டைப் புகழ்ந்தால் பாட்டுக்காரருக்கும் கொடுக்க வேண்டும், இது கூத்துப் பழக்குகிற எங்கள் அண்ணாவியாருக்குக் கொடுக்கிற மரியாதைதான்.

தொடரின் தீவிர இரசிகர் வீட்டிலேயே இருந்தால், பிரசுரிக்குமுன் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். பிழையான பெயர், பிழையான அங்கம் எல்லாம் அவர் கண்ணுக்குத்தான் முதலில் படும். தகவல் திருத்தங்களை ஏற்றுக்கொள்ளுங்கள், உணர்வுத் திருத்தங்களை ஏற்காதீர்கள். என் பெறாமகன் சவிதாரின் பெயரை நான் எழுதிய விதம் தொடக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "மோன்-எல் பந்தியை எடுத்துவிடுங்கள், சின்னம்மா. அவன் பாவம்" என்றான். பந்தி இருக்கிறது.

கடைசியாக, பிந்திய பருவங்களைப் பார்த்துவிட்டு முந்திய விமர்சனத்தைத் திருத்தி எழுதாதீர்கள். அன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்றைக்கு எழுதியது அப்படியே இருக்கட்டும். புதிதாகச் சொல்ல இருந்தால் திகதியிட்டுக் கீழே சேருங்கள். காராவின் தொடரில் அடுத்த பருவத்தில் மோன்-எல் வேறொருத்தியின் கணவனாகத் திரும்பி வந்தபோது, பெறாமகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குசினிக்கே வந்துவிட்டான். "இப்போது என்ன எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்டான். பருப்பை இறக்கிவைத்துவிட்டு, அன்றைய திகதியைப் போட்டு, பழைய பந்திக்குக் கீழே இரண்டு வரி எழுதினேன்: காரா இந்த முறை அவசரப்படவில்லை. அன்றைக்குக் கேட்காமல் விட்ட கேள்விகளை இப்போது கேட்கிறாள்.